வெளியே நிற்கும் முதல் ஜோடி

நம்மவர் உலகத்தில் ஐந்நூற்று முப்பத்தெட்டாவது ஆள். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல் பிடுங்குகிறவர்களிலோ, பத்திரம் எழுதுகிறவர்களிலோ, தான் உலக அளவில் எத்தனையாவது ஆள் என்று எவருக்காவது தெரியுமா? தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டு அவரவர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். டென்னிஸ்காரர்களுக்கு அந்த வசதி கிடையாது. திங்கட்கிழமை தோறும் ஒரு பட்டியல் வந்துவிடுகிறது. யாருக்குப் பின்னால் யார் என்று அதில் ஒளிவுமறைவில்லாமல் போட்டிருக்கிறது. நம்மவருக்கு முன்னால் ஐந்நூற்று முப்பத்தேழு பேர் இருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேரோடு அவர் ஒரே பஸ்ஸில் தூங்கி வழிந்திருக்கிறார்.

ஒரே ஒரு விளக்கம் மட்டும் தேவைப்படுகிறது. இந்த எண் இரட்டையர் ஆட்டத்துக்கானது. ஒற்றையரில் அவருக்கு எண்ணே கிடையாது. உறவுக்காரர்களிடம் இதை விளக்கி விளக்கி அவருக்கு வாய் வலித்துப் போயிருந்தது.

"டென்னிஸா? அப்ப டிவியில வருவீங்களா?" என்று கேட்பார் மனைவி வழிச் சித்தப்பா ஒருவர்.

"இல்ல சித்தப்பா, நான் இரட்டையர். ரெண்டு ரெண்டு பேரா ஆடறது."

"ஓ." சித்தப்பா கொஞ்சம் யோசிப்பார். "அப்ப கூட ஆடறவராவது டிவியில வருவாரா?"

நம்மவர் இரட்டையருக்கு வந்து சேர்ந்ததை லட்சியம் என்று சொல்ல முடியாது. பத்தொன்பது வயதில் அவருக்குக் கை மின்னல் மாதிரி இருந்தது. கால் மட்டும் எங்கோ ஊறப்போட்டு எடுத்த மாதிரி இருந்தது. வலையருகே நின்றால் காதோரம் போகிற பந்தையும் தட்டிப் போட்டுவிடுவார். பின்கோட்டில் நிறுத்தி வலமும் இடமும் ஓடவிட்டால் மூன்றாவது ஓட்டத்தில் மூச்சு வாங்கும். பயிற்சியாளர் ஒருநாள் பந்துக்கூடையை உதைத்துத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "முழுக் கோர்ட்டையும் உன்னால காப்பாத்த முடியாது. பாதிய வேணா பாத்துக்கோ."

திட்டுவதற்காகச் சொன்னது அது. நம்மவர் அதை ஆலோசனையாக எடுத்துக்கொண்டார். அன்று வாங்கிய பாதிக்கு இடது பக்கத்தைத் தேர்ந்து, அதில்தான் அடுத்த பதினைந்து வருடங்கள் குடித்தனம் நடத்தினார். வலது பாதிக்கு ஆள் மாறிக்கொண்டே இருந்தது.

மொத்தம் நாற்பத்தொரு ஜோடிகள். இந்தத் தொழிலில் ஜோடி சேர்வதும் பிரிவதும் குழாயடிச் சண்டை ஆரம்பித்து முடிகிற நேரத்துக்குள் நடந்துவிடும். "அடுத்த வாரம் யார்கூட?" என்று ஒரு குறுஞ்செய்தி. "இன்னும் யாரும் இல்ல" என்று ஒரு பதில். அவ்வளவுதான், சேர்ந்தாயிற்று. பிரியும்போது அதுவும் இல்லை. ஒரு ஜோடி, நம்மவர் குளித்துவிட்டு வருவதற்குள் வேறொருவனோடு கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தான். இன்னொருவன் "குடும்பச் சூழ்நிலை" என்று சொல்லிப் பிரிந்துபோய், மறுவாரம் தன் ஒன்றுவிட்ட தம்பியோடு ஆடினான். பொய் சொன்னான் என்று சொல்ல முடியாது.

இத்தனை பேரோடும் நம்மவர் சமாளித்ததற்கு ஒரே காரணம் அவருடைய ஒரு வாசகம். கூட ஆடுகிறவன் பந்தை வலையில் அடித்தாலும் சரி, வேலிக்கு அப்பால் அடித்தாலும் சரி, ஒரு நொடி கூடத் தாமதிக்காமல் உள்ளங்கையை நீட்டி, "பரவால்ல, அடுத்தது!" என்பார். இரட்டையர் ஆட்டத்தில் இது மூச்சு விடுகிற மாதிரி. முகம் சுளித்தால் போதும், அவன் அடுத்த பந்தையும் விடுவான். பதினைந்து வருடத்தில் இந்த இரண்டு வார்த்தையை அவர் லட்சம் தடவைக்கு மேல் சொல்லியிருப்பார். பிறகு அது அவர் சொல்லாமலே வாயிலிருந்து வர ஆரம்பித்தது. மகள் பாலைக் கொட்டினால் வந்தது. மாமனாருக்கு இரண்டாவது முறை மாரடைப்பு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்தது. டைல்ஸ் கடை வைத்திருக்கும் மச்சானைப் பார்க்கப் போனபோது, வேலைக்காரர் ஒருவர் பெட்டியோடு டைல்ஸைக் கீழே போட்டுவிட்டார். நம்மவர் அனிச்சையாகக் கையை நீட்டி, "பரவால்ல, அடுத்தது!" என்றார். வேலைக்காரர் சொன்னபடியே அடுத்ததையும் போட்டார்.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தவர். "மாப்பிள்ளை, நீங்க கடைக்கு வந்துடுங்க. டைல்ஸ் பக்கம் வேணாம். குழாய் பக்கம் நில்லுங்க. அது விழுந்தா உடையாது" என்றார். குழாய்ப் பகுதியில் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் ஒரு சுழல் நாற்காலி நான்கு வருடமாகக் காலியாக இருந்தது. அதன் பிளாஸ்டிக் உறையைக் கூட மச்சான் பிரிக்கவில்லை.

மனைவி ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவர். ஒரு நாளைக்கு எண்பது பேரைக் குத்துகிற கை. அதனால் வீட்டில் விஷயங்களைச் சுற்றி வளைக்காமல் நேரடியாகக் குத்திவிடும் பழக்கம் அவருக்கு இருந்தது. வருடத் தொடக்கத்தில் ஒருநாள், பள்ளியிலிருந்து வந்த ஒரு தாளை சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"இங்க பாருங்க. 'அப்பா என்ன வேலை செய்யறார்'னு டீச்சர் கேட்டிருக்காங்க. உங்க பொண்ணு என்ன சொல்லியிருக்கா தெரியுமா? 'பெட்டி கட்டறார்'னு சொல்லியிருக்கா. நீங்க ஏதோ பார்சல் கம்பெனியில இருக்கீங்கன்னு அந்த டீச்சர் எழுதி வச்சிருக்காங்க."

"மாத்தச் சொல்லலாமே?"

"என்னன்னு மாத்தச் சொல்லட்டும்?"

நம்மவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பதில் மனைவியிடம் இருந்தது. அவர் ஒரு துண்டுத் தாளில் 700 என்று எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்.

"எழுநூறுக்குள்ள இருக்கற வரைக்கும் நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். ஆடுங்க. எழுநூத்தி ஒண்ணு வந்துச்சுன்னா அண்ணன் கடை. சரியா?"

"சரி."

"எழுநூறுன்னா எழுநூறு. 'ஒரு வாரம் பாக்கலாம்' கிடையாது."

"சரின்னு சொன்னேனே."

"சொன்னீங்க. எழுதிக் குடுக்கச் சொல்லல பாருங்க, அவ்வளவு நம்பிக்கை."

அப்போது அவர் ஐந்நூற்றுச் சொச்சத்தில் இருந்தார். எழுநூறு என்பது அடுத்த தாலுகா மாதிரித் தூரத்தில் தெரிந்தது. ஆனால் இந்தப் பட்டியலுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு போட்டியில் வாங்கிய புள்ளிகள் சரியாக ஒரு வருடம்தான் கூட இருக்கும். அடுத்த வருடம் அதே வாரம் வந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுகொள்ளும். போன வருடம் நம்மவரும் அவருடைய நாற்பத்தொன்றாவது ஜோடியும் ஒரு சின்ன ஊரில், மூன்று ஜோடிகளுக்கு ஒரே சமயத்தில் வயிறு கெட்டுப்போன புண்ணியத்தில், இறுதி ஆட்டம் வரை போனார்கள். அவருடைய மொத்தச் சொத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு வாரத்தில் சேர்ந்தது. அந்த வாரம் இப்போது மறுபடி வந்துவிட்டது.

நாற்பத்தொன்றாவது ஜோடிக்கு நெட்டையன் என்று பெயர். முப்பத்தாறு வயது. சர்வ் போட்டால் இடி. ஆனால் வலது முழங்கால் அவனுக்குச் சொந்தமில்லாத மாதிரி நடந்துகொள்ளும். அதைப் பற்றி அவன் கூடவே குடியிருக்கும் ஒரு முசுட்டுப் பெரியப்பாவைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவான். "காலைல எழுந்ததுலேருந்து கோவமா இருக்காரு. மாடிப்படி சொல்லாதீங்க, கேட்டுட்டார்னா வீங்கிடுவாரு."

நெட்டையன் பஸ்ஸிலேயே கணக்குப் போட்டு முடித்திருந்தான். "போன வருஷப் புள்ளி மொத்தமா போச்சுன்னா நீ எண்ணூத்தி அம்பதைத் தாண்டிடுவ. ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சா அறுநூத்தித் தொண்ணூறு பக்கம் நிப்ப. பத்து முன்ன பின்ன."

"பத்து பின்ன போனா எழுநூறு ஆயிடும்டா."

"அதான் பத்துன்னேன். பதினொண்ணு சொல்லலியே."

ஆக, ஒரு வெற்றி. ஒரே ஒரு வெற்றி. ஆனால் ஜெயிப்பதற்கு முன்னால் ஆட வேண்டும் என்றொரு சிக்கல் இருந்தது. அந்த வாரம் பக்கத்தில் வேறெங்கும் போட்டி இல்லாததால் ஊர்ப்பட்ட ஆட்டக்காரர்கள் அங்கே வந்து இறங்கியிருந்தார்கள். ஆட்டப் பட்டியலில் பதினாறு ஜோடிகளுக்குத்தான் இடம். அதில் ஓர் இடத்தை அமைப்பாளர் தன் மருமகனுக்கும், மருமகனின் நண்பனுக்கும், அவர்களுடைய எதிர்காலத்தைக் கருத்தில் கொண்டு கொடுத்திருந்தார். மருமகனுக்கு முப்பத்தெட்டு வயது. மிச்சம் பதினைந்து. நம்மவரும் நெட்டையனும் பதினாறாவதாக வந்தார்கள்.

போட்டி அலுவலகம் என்பது ஒரு மேஜை, இரண்டு மின்விசிறி, சுவரில் ஒரு பட்டியல். மேற்பார்வையாளர் அம்மா கண்ணாடிக்கு மேலாக அவர்களைப் பார்த்தார்.

"வெளியே நிக்கிற முதல் ஜோடி நீங்கதான். யாராவது விலகினா உள்ள வரலாம். காலைல எட்டு மணிக்குள்ள கையெழுத்து. முதல் சுற்றோட கடைசி ஆட்டத்துல முதல் பந்து போடற வரைக்கும் உடை மாத்தித் தயாரா இருக்கணும். முதல் பந்து விழுந்துட்டா அவ்வளவுதான்."

"யாருக்காவது உடம்பு சரியில்லையா மேடம்?" என்று நெட்டையன் பரிவோடு விசாரித்தான்.

"எல்லாரும் நல்லா இருக்காங்க."

"அப்படியா" என்றான், முகம் விழுந்துபோய்.

வெளியே நிற்கும் ஜோடிக்கென்று ஒரு மரியாதை முறை உண்டு. யார் விலகினால் நமக்கு இடம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவரிடம் போய் அதைக் கேட்கக் கூடாது. விலகச் சொல்லவே கூடாது, சட்டப்படியும் தப்பு. எதிரே பார்த்தால் வணக்கம் சொல்லலாம். "முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்பது எல்லை மீறல். நம்மவர் பதினைந்து வருடத்தில் ஒருமுறை கூட அந்த எல்லையைத் தாண்டியதில்லை.

ஆனால் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. முதல் நாள் ஏழு ஆட்டம் முடிந்தது, எவரும் விலகவில்லை. மறுநாள் மாலை நான்கு மணிக்கு இருந்த எட்டாவது ஆட்டம்தான் கடைசி நம்பிக்கை. அதில் ஆட வேண்டிய நால்வரில் ஒருவன் இருபது வயதுப் பையன். தலைநிறையச் சுருட்டை முடி இருந்ததால் எல்லாருக்கும் சுருட்டை. அவன் உண்மையில் ஒற்றையர் ஆட வந்தவன். அப்படிப்பட்டவர்கள் கொசுறுக்குத்தான் இரட்டையரில் பெயர் கொடுப்பார்கள். ஒற்றையரில் தோற்றால், "தோள்பட்டை" என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள். சுருட்டைக்கு அன்று பதினோரு மணிக்கு ஒற்றையர். எதிராளி பட்டியலில் இருநூறு படி மேலே இருப்பவன்.

"பெட்டிய கட்டிக் கொண்டு வந்து வச்சிட்டான்" என்று செய்தி கொண்டுவந்தான் நெட்டையன். "இவன் தோத்தா மூணு மணி பஸ். நீ போய் பாத்துட்டு சேதி அனுப்பு. நான் பெரியப்பாவுக்கு ஐஸ் வைக்கறேன்."

நான்காம் எண் கோர்ட், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. நாலு படி வைத்த பார்வையாளர் மேடையில் வெயிலைத் தவிர யாரும் இல்லை. நம்மவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடுப்படியில் உட்கார்ந்தார். முன்பின் தெரியாத ஒருவன் தோற்க வேண்டும் என்று இவ்வளவு மனமாரப் பிரார்த்தித்தவர் அந்த மாவட்டத்திலேயே அன்று வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பிரார்த்தனை பலித்தது. முதல் செட் 2–6. நம்மவர் செய்தி அனுப்பினார்: "ஒண்ணு போச்சு."

"சந்தோஷம்" என்று வந்தது பதில்.

இரண்டாவது செட் 1–5. "இன்னும் ஒரே கேம்."

"ஷூ போட்டுட்டேன்."

சுருட்டை சர்வ் போட வந்தான். முப்பது–முப்பது. முதல் சர்வ் வலையில். இரண்டாவது சர்வ் கோட்டுக்கு ஒரு முழம் வெளியே. இன்னும் ஒரு புள்ளி போனால் ஆட்டம் முடிந்தது. பையன் ராக்கெட்டைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டான். எங்கும் ஒரு சத்தமில்லை.

அந்த அமைதியில், கணீரென்று, மேடையிலிருந்து ஒரு குரல் வந்தது:

"பரவால்ல, அடுத்தது!"

நம்மவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. தன்னுடைய வலது கை, உள்ளங்கை விரிந்து, முன்னால் நீண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தார். அவசரமாக மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் சுருட்டை நிமிர்ந்துவிட்டான். தனக்கும் ஓர் ஆள் வந்திருக்கிறது என்பது போல அந்த மேடையைப் பார்த்தான்; அவனுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நம்மவர் துண்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அடுத்த சர்வ் எதிராளியால் தொட முடியவில்லை. அதற்கடுத்ததும். அதன்பிறகு ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் சுருட்டை மேடையைப் பார்த்தான். நம்மவர் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வாய்க்குள் துண்டின் நுனியை வைத்துக் கடித்தார். பையன் அதைக் கவலை என்று எடுத்துக்கொண்டான்.

"என்னாச்சு?" என்று கேட்டது கைப்பேசி.

"5–5" என்று அனுப்பினார்.

"எப்படிடா?"

அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

மூன்று மணி நேரம் பத்து நிமிடம். இரண்டாவது செட் 7–5, மூன்றாவது 7–6. சுருட்டை ஜெயித்துவிட்டான். கை குலுக்கியதும் நேரே வேலியருகே வந்து, கம்பி வழியாக இரண்டு விரலை நீட்டினான். நம்மவர் அந்த விரல்களைக் குலுக்க வேண்டியதாயிற்று.

"அண்ணே, நீங்க மட்டும் இல்லன்னா…" அவன் விரல்களை எடுக்கவில்லை. "யாருண்ணே நீங்க?"

"சும்மா… பாக்க வந்தேன்" என்றார் நம்மவர்.

அத்தோடு முடிந்திருந்தால் ஒருவேளை அவருக்கு அன்றிரவு தூக்கமாவது வந்திருக்கும். ஆனால் நான்கு மணிக்கு இன்னொரு கதவு திறந்தது. மூன்று மணி நேரம் வெயிலில் ஓடியவனுக்கு, இரண்டு மணி நேரம் கூட ஆகாமல் மறுபடி கோர்ட்டில் இறங்கினால் என்ன ஆகும்? தசைப்பிடிப்பு ஆகும். பயிற்சிப் பந்து அடிக்கும்போதே சுருட்டை இடது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டான். நம்மவரும் நெட்டையனும் விதிப்படி முழு உடையோடு, ராக்கெட் உறையைப் பிரித்து, தாழ்வான வேலிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் இருந்தார்கள்.

நெட்டையன் பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்தான். "பாரு, பாரு. நொண்டறான். முதல் பந்து இன்னும் விழல. இப்ப விலகினா நாமதான். கடவுளே, அந்தக் காலை விடாம பிடிச்சுக்கோ."

சுருட்டை ஒரு பந்தை அடித்தான். இரண்டாவதை விட்டுவிட்டான். நடுவரிடம் ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி நேரே அவர்களுடைய பெஞ்சை நோக்கி வந்தான்.

"அண்ணே! இதுக்கும் வந்துட்டீங்களா?"

நெட்டையனின் தலை மெல்லத் திரும்பியது. "'இதுக்கும்'னா? எதுக்கு வந்தான் முன்னாடி?"

"இவர்தாங்க இன்னைக்கு என்னைக் காப்பாத்தினார். மேட்ச் பாயின்ட்ல ஒரு குரல் குடுத்தார் பாருங்க! 'பரவால்ல, அடுத்தது'ன்னு! அதுக்கப்புறம் எனக்குள்ள என்னமோ ஆயிடுச்சு."

நெட்டையன் நம்மவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு வருடக் கூட்டாட்டம் முழுக்கக் கரிந்தது.

"அண்ணே, கால் இழுக்குது" என்றான் சுருட்டை. "விலகிடலாமான்னு பாக்கறேன். நாளைக்கு வேற ஒற்றையர் இருக்கு. கூட ஆடறவன் எனக்கு ஒண்ணும் இல்ல, உன் இஷ்டம்கறான். நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும். இறங்கட்டுமா, வேணாமா?"

பதினைந்து வருடம் காத்த மரியாதை முறை குறுக்கே வந்து நின்றது. கேட்காமல் சொல்வதுதான் தப்பு. கேட்டதற்குச் சொல்வது தப்பில்லை என்று ஒரு மனம் வாதாடியது. இன்னொரு மனதில் குளிர்சாதனப் பெட்டியின் கதவு தெரிந்தது. நெட்டையன் தன் நல்ல முழங்காலால் அவரை இடித்தான்.

"வேணாம் தம்பி" என்றார் நம்மவர். தன் குரல் தனக்கே கேட்காத மாதிரி இருந்தது. "விட்டுடு. உடம்பு முக்கியம். போய் படு."

சொல்லிவிட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மனிதனிடம் "பரவாயில்லை" என்பதற்குப் பதிலாகத் தனக்கு எது லாபமோ அதைச் சொல்லிவிட்டார். காது மடல் வரைக்கும் சுட்டது.

சுருட்டை அவரையே பார்த்தான். கண் கலங்கியது.

"அண்ணே… காலைலேருந்து எல்லாரும் ஸ்கோரத்தான் கேட்டாங்க. எங்கப்பா கூட போன்ல ஸ்கோரத்தான் கேட்டார். உடம்பப் பத்திக் கேட்ட ஒரே ஆள் நீங்கதான்."

"அதான் சொல்றேன், போய்…"

"இப்படி ஒருத்தர் எனக்காக வெயில்ல உக்காந்திருக்கும்போது நான் படுக்கறதா? முடியாதுண்ணே. உங்களுக்காக இறங்கறேன். என்ன ஆனாலும் ஆகட்டும்!"

"தம்பி, நான் சொல்றத கேளு. வேணாம். நிஜமாவே வேணாம்!"

"தெரியும்ணே" என்று புன்னகைத்தான் சுருட்டை. "நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க."

நொண்டிக்கொண்டே போனான். நம்மவர் வேலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். எதிராளி பந்தை மேலே எறிந்தான். முதல் பந்து விழுந்தது. அலுவலக வாசலில் நின்றிருந்த மேற்பார்வையாளர் அம்மா, தன் அட்டையில் கடைசி வரியைப் பேனாவால் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டு, மின்விசிறிக்குத் திரும்பினார்.

சுருட்டை மொத்தம் நாலு புள்ளி ஆடினான். நாலிலும் தோற்றான். முதல் கேம் முடிந்து பக்கம் மாறும்போது வழியிலேயே உட்கார்ந்து, பிறகு படுத்து, ஆட்டத்தைக் கைவிடுவதாக நடுவரிடம் சொன்னான். எடுத்த நேரம் மூன்று நிமிடம். அவனைத் தூக்கி உட்கார வைத்தபோது, வேலியைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான்.

நெட்டையன் ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். இரண்டையும் அவிழ்த்து ஓரமாக வைத்தான்.

"நான் அடுத்த வாரத்துக்கு வேற ஒருத்தன்கிட்ட பேசிட்டேன்" என்றான் பிறகு.

"எப்ப பேசின?"

"நீ 5–5ன்னு அனுப்பினியே, அப்ப."

நம்மவருக்கு அதில் கோபித்துக்கொள்ள ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. அவர்கள் தொழிலின் வழக்கம்தான் அது. அறைக்குப் போய், ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருந்த காலுறைகளை எது யாருடையது என்று பிரித்துக்கொண்டார்கள். ஒன்று மிஞ்சியது. இருவரும் அது தன்னுடையதில்லை என்றார்கள். பஸ் நிலையத்தில் நெட்டையன் வழக்கம்போல உள்ளங்கையை நீட்டித் தட்டினான். "பெரியப்பா கேட்டதா சொன்னார்" என்றான். தெற்கே போகிற பஸ்ஸில், படியில் காலை இழுத்து வைத்து ஏறிப் போனான்.

திங்கட்கிழமை காலை. மனைவிக்கு ஏழு மணி வேலை. அடுப்படியில் நின்றபடி ஒரு கையால் தலை வாரிக்கொண்டு, மறு கையால், பக்கத்துக்கு நூறு பேராக வந்த புதிய பட்டியலைக் கைப்பேசியில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்மவர் மகளுடைய தண்ணீர்ப் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏழாவது பக்கத்துல இல்ல" என்றார் மனைவி.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எட்டாவதுலயும் இல்லியே. இருங்க, பெயர் போட்டுத் தேடறேன்."

"விடு."

"இருங்க. எங்கயாவது இருப்பீங்கல்ல." சீப்பைத் தலையிலேயே குத்தி வைத்துவிட்டு இரண்டு கையாலும் தேடினார். குரலில் குத்தல் எதுவும் இல்லை; நரம்பு கிடைக்காத ஒரு நோயாளியின் கையைப் புரட்டிப் பார்க்கும்போது பேசுகிற குரல் அது. "இதோ. எண்ணூத்தி எழுபத்தாறு."

"நெட்டையன் எண்ணூத்தி அம்பதுன்னான்."

"அவர் கணக்கு எப்பவும் அப்படித்தானே."

மகள் சாப்பாட்டு மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எண்ணூத்தி எழுபத்தாறு பெருசாம்மா, எழுநூறு பெருசா?"

"எண்ணூத்தி எழுபத்தாறுதான் கண்ணு பெருசு."

"அப்ப அப்பா ஜெயிச்சுட்டாரா?"

மனைவி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பால் எடுத்தார். மூடும்போது கதவைப் பார்க்கவில்லை. அந்தத் தாளைக் கிழிக்கவும் இல்லை. நம்மவருக்கு அதில் கொஞ்சம் ஆறுதலும், கிழித்திருந்தால் தேவலையே என்றும் ஒரே சமயத்தில் இருந்தது. "ஒரு வாரம் பாக்கலாம்" என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது. நாற்பத்திரண்டாவதாக ஓர் ஆள் எங்காவது சும்மா இருக்கலாம். எண்ணூற்று எழுபத்தாறை எடுத்துக்கொண்டு போனால் எந்தப் பட்டியலில் எத்தனையாவது ஆளாக வெளியே நிற்க வேண்டியிருக்கும் என்று மனதுக்குள் போட்டுப் பார்த்தார். வெளியே நிற்கவே இடம் கிடைக்காது. புட்டியை இன்னொரு தடவை கழுவினார்.

கைப்பேசி அடித்தது. மச்சான். மனைவி எடுத்து, கொஞ்சம் கேட்டு, ஒலிபெருக்கியில் போட்டு மேஜையில் வைத்தார்.

"மாப்பிள்ளை, நான் ஒண்ணும் கேக்கல. நான் எதையும் பாக்கவும் இல்ல" என்றார் மச்சான், காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்த குரலில். "கடைச் சட்டை தைக்கக் குடுக்கறாங்க இன்னைக்கு. சும்மா ஒரு அளவு சொன்னீங்கன்னா போதும். போட்டே ஆகணும்னு இல்ல. தோள் எவ்வளவு?"

"தெரியல மச்சான். டீ-ஷர்ட்டுதான் போட்டிருக்கேன் இத்தன வருஷமா."

"அப்ப அளந்துதான் சொல்லணும். டேப் இருக்கா வீட்ல?"

மனைவி இழுப்பறையில் தேடி டேப்பை எடுத்து வந்தார். நம்மவர் தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, திரும்பி நின்றார்.

"நேரா நில்லுங்க" என்றார் மனைவி. "வலது தோள் தூக்கிக்கிட்டு நிக்குது."

"அது அப்படித்தான் இருக்கும். சர்வ் போட்டுப் போட்டு."

"அப்ப எதை எழுதச் சொல்லட்டும்?"

"இடது பக்கத்த அளந்து, அதையே ரெண்டுக்கும் சொல்லிடு" என்றார் நம்மவர். மனைவி அப்படியே சொன்னார்.